புது மேலாளரின் நலம் விசாரிப்பு

அன்புள்ளவளுக்கு,

அச்சகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளர் பெண்ணை நான் நம்பவில்லை. தினமும் என் இயந்திரத்தருகே வந்து, "அண்ணே, முதுகுவலி எப்படியிருக்கு?" என்கிறாள். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசுவதில்லை. இருபது வருஷத்தில் அங்கே யாரும் என்னிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. என் வேலைக்கு உலை வைக்கிறாள் என்றே நினைத்தேன்.

நேற்று கேட்டேவிட்டேன். "எதுக்கும்மா இந்த நடிப்பு?"

அவளுக்குக் கோபம் வரவில்லை.

"நடிப்புதான் அண்ணே. பயிற்சி வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க. போன ஆபீஸ்ல நான் கத்துன கத்துல நாலு பேர் வேலையை விட்டுட்டாங்க. ஒருத்தரும் ஏன்னு சொல்லலை. இப்பதான் காது கொடுத்துப் பழகுறேன்."

இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

இரண்டு வாரம் என்று மகள் வீட்டுக்குப் போனாய், ஐந்து மாதமாகிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கூப்பிட்டுப்போக அல்ல. நீ பேசு, நான் கேட்கிறேன். முதலில் உனக்கும் நடிப்பாகத்தான் தெரியும். சந்தேகப்பட்டுக்கொண்டே பேசு, பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா