பரணிலிருந்து விழுந்த ஆந்தைக் குஞ்சு

15-11-94, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஆஸ்பத்திரிக்கு: ஃபிளாஸ்க், இரண்டு வேட்டி, ரசஞ்சோறு. பட்டறை லேத்தில் தெறித்த இரும்புத் துகளை நேற்று அவருடைய வலது கண்ணிலிருந்து எடுத்தார்கள். பார்வை மிஞ்சுமா என்பது சனிக்கிழமை கட்டு அவிழ்த்தால்தான் தெரியுமாம்.

வேட்டி எடுக்கப் போனால் சாமான் அறையில் டயரில் காற்று இறங்குவது போலச் சீறல். பாம்பு என்று கத்திவிட்டேன். சோளமூட்டைக்குப் பின்னால் ஆந்தைக் குஞ்சு. வெள்ளை முகம், அரைகுறை இறகு. பரணிலிருந்து விழுந்திருக்கும். காலில் சாக்குச் சணல் இறுகி, விரல்கள் வீங்கிக் கருத்து.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு சரசக்கா: "அய்யோ, சாவுக்குருவி! ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்கறப்ப இதையப் போயி வெச்சிருப்பாங்களா? வெளிய வீசிப்போடு அம்மணி."

சரிங்க்கா என்றேன். வீசவில்லை. அவருடைய சவரப் பிளேடால் சணலை அறுத்தேன். கொத்தியதில் கட்டைவிரலில் ரத்தம். அட்டைப்பெட்டியில் வைத்து முறத்தால் மூடிவிட்டு பஸ் பிடித்தேன்.

16, புதன்

குஞ்சுக்கு உயிர் இருக்கிறது. பால், சோறு, பழம் எதையும் தொடவில்லை. கறிக்கடை பாயிடம் ஈரல் கேட்டேன், பொடிசாக அரிந்து.

"யாருக்குங்கம்மா இத்தனை பொடிசா?"

பூனைக்கு என்றேன். பொய். மூன்று துண்டு விழுங்கியது.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் காய்ச்சல். 'சீழ் வெச்சா கண்ணையே எடுக்கோணும்' என்று நர்ஸ் யாரிடமோ. அவரைச் சொன்னதா, பக்கத்துக் கட்டில்காரரையா? கேட்கத் தைரியமில்லை.

குஞ்சை வைத்திருப்பதால்தான் காய்ச்சலோ?

17, வியாழன்

நல்ல மழை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் வரை போனேன். சுவர்மேல் நான்கு காக்கைகள். குஞ்சு மூலையில் ஒண்டி, வீங்கிய காலைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. திரும்பிவிட்டேன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், இரண்டு பேருக்கும் சேர்த்து.

சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட்டேன். அழுகை வேறு. அவருக்குச் சிரிப்பு.

"ஏம்புள்ள, ஊட்டுல ஆந்தை இருக்குதான்னு கேட்டுப்போட்டா இரும்புத்தூளு கண்ணுல விழுந்துச்சு? பத்தரமா வெச்சுரு. நான் வந்து பாக்கோணும்."

பாக்கோணும். பஸ்ஸில் வழியெல்லாம் அந்தச் சொல்தான்.

18, வெள்ளி

அவருக்குக் காய்ச்சல் விட்டது. குஞ்சின் கால் வீக்கம் குறைவு. ஒரு விரல் மட்டும் போய்விடும் போல. ஏணி போட்டுப் பரணில் விட்டேன். அங்கே இன்னும் இரண்டு குஞ்சுகள், ஒரே சீறல். தாய் இதைச் சேர்த்துக்கொள்ளுமா? கதவிடுக்கில் காத்திருந்தேன். பொழுது சாய, உடைந்த வெண்டிலேட்டர் வழியாக வந்தது. வாயில் எலி. குஞ்சை அடித்துத் துரத்தவில்லை. அது போதும்.

சரசக்காவிடம் வீசிவிட்டதாகச் சொன்னேன்.

19, சனி

கட்டு அவிழ்த்தார்கள். டாக்டர்: "பழையபடி வராதுங்க. எவ்வளவு வருதுன்னு போகப்போகப் பாக்கலாம்."  

வீட்டுக்கு வந்ததும் நேரே சாமான் அறை. நான் ஏணியில் ஏறினேன். பரணை மறைத்திருந்த சாக்கை விலக்குவதற்கு முன்பே, கீழே நின்றவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். விலக்கினேன். அண்ணாந்து பார்த்தார். 

"மங்கலாத்தான் புள்ள... வெள்ள வெள்ளையா மூணு."

மூன்று என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.