ஹால் 2

15 ஜூன் 2025, ஞாயிறு

அப்பா திருநெல்வேலி போய் சப்வூஃபர் வாங்கிவந்தார். ஒயர் கிடையாது. ஹாலில் இருக்கும் வைஃபை ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டு பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் இது வாசிக்குமாம். பார்க்க அரிசி டின் மாதிரி இருக்கிறது. விளக்கப் புத்தகத்தை எச்சரிக்கைப் பக்கங்கள் உட்பட முழுக்கப் படித்தேன். "பரிச்சைக்கு இப்படிப் படிச்சா என்னட்டி மீனா" என்றாள் அம்மா. பரீட்சைக்கும் இப்படித்தான் படிக்கிறேன். அவள் பார்ப்பதில்லை.

போன் ஆப்பிலிருந்து ஸ்பீக்கரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னது புத்தகம். அப்போது அறையின் பெயருக்குப் பின்னால் எண் வரலாம் என்றும் சொன்னது. சேர்த்ததும் அப்பாவின் போனில் 'ஹால்', 'ஹால் 2' என்று இரண்டு தெரிந்தன. எண் இருப்பதுதானே புதியது? அதோடு பெட்டியை இணைத்தேன். பச்சை விளக்கு வந்தது. அப்பா பாட்டுப் போட்டார். ஸ்பீக்கர் பாடியது. பெட்டியில் மூச்சே இல்லை.

"என்னட்டி, பொட்டி வாயத் தொறக்க மாட்டேங்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

16 ஜூன், திங்கள்

விடிவதற்கு முன்னால் பெட்டி தானாக அடித்தது. யாரும் பாட்டுப் போடவில்லை. ஸ்பீக்கர் அணைந்திருக்கிறது, அப்பா தூங்குகிறார், இது மட்டும் தும், தும்தும் என்கிறது. வாசல் தெளிக்க எழுந்த அம்மா வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, பிளக்கப் புடுங்கு."

பேய் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடுங்கிவிட்டேன். நன்றாக விடிந்த பிறகுதான் மறுபடி மாட்டினேன்.

17 ஜூன், செவ்வாய்

இன்றைக்கும் அடித்தது. இன்று நான் பிடுங்கவில்லை. வெளியே சாரல். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டில் பக்திப் பாட்டு மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு அங்கே, அதன் தவில் இங்கே. ஓர் அடிகூடப் பிசகவில்லை.

அப்போதுதான் புரிந்தது. 'ஹால் 2' எங்கள் ஹாலே இல்லை. பெரியப்பா மகள் முத்துச்செல்வி அக்கா கல்யாணமாகிப் பெங்களூர் போவதற்கு முன் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி ஸ்பீக்கர் வாங்கி, எங்கள் வைஃபையிலேயே ஒரே அக்கவுண்டில் மாட்டிக்கொடுத்தாள். அப்பா எப்போதும் முதல் ஹாலைத்தான் தொடுவார். இரண்டாவதை நாங்கள் யாரும் கவனித்ததில்லை.

ஆனால் அந்த ஸ்பீக்கர் இன்னும் எப்படி எங்கள் வைஃபையில் இருக்கிறது? அக்கா கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் விட்டுப்போனது. அச்சகத்துத் தப்பு என்று பெரியப்பா சொன்னார், அப்பா நம்பவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை, இரண்டு வருடமாகப் பேச்சும் இல்லை. "அந்த வீட்டுக்கு நம்ம வீட்டுலேருந்து காத்துகூடப் போகக்கூடாது. நெட்டு பாஸ்வேர்ட மாத்து" என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் மாத்தல."

"அப்பாட்ட மாத்திட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேன். பெரியம்மா தவறுனபொறவு அவுக ஒத்தையில கெடக்காவ. பாட்டாவது கேக்கட்டும். ஒங்கப்பாட்ட மூச்சு விட்டுராத."

என் அம்மாவா? ரசத்துக்கு உப்புப் போடக்கூட அப்பாவைக் கேட்கிறவள்.

18 ஜூன், புதன்

பெட்டியை எங்கள் ஹாலுக்கு மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் போன் அப்பாவுடையது, மாற்றும்போது பக்கத்தில் நிற்பார். 'ஹால் 2 எதுட்டி' என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? எனக்குப் பொய் வராது. தெரிந்தால் அன்றைக்கே அறுத்துவிடுவார். பெரியப்பாவுக்கு இந்த வீட்டோடு இருப்பது அது ஒன்றுதான், அதுவும் அவருக்கே தெரியாமல்.

19 ஜூன், வியாழன்

"புக்க முழுங்கிட்டு முழிக்கா பாரு" என்று அப்பா கேலி செய்தார். சிரித்து வைத்தேன்.

21 ஜூன், சனி

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அம்மா வளைகாப்புக்கு இலத்தூர் போயிருந்தாள். அப்பா மருந்துக்கடையில். பெரியப்பா தினமும் விடிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். இன்று பெட்டி நிற்கவில்லை. நான் சாப்பிட்டேன், துணி துவைத்தேன், கணக்குப் போட்டேன். தும், தும்தும். மழைச் சத்தத்தில் சுவர் வழியாக ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

போகலாமா? போனால் அப்பா —

போனேன். கதவு உள்ளே தாழ். "பெரியப்பா" என்று கூப்பிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாலில் ஒரு கால் தெரிந்தது. பாட்டு பாடிக்கொண்டே இருக்கிறது, கால் அசையவே இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "கடையில ஆள் நிக்கு, என்னட்டி?" சொன்னேன். கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. நனைந்துகொண்டு வந்தவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, பின்கதவை உதைத்துத் திறந்தார். "அண்ணே. அண்ணே. இங்கன பாரு."

பெரியப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. எங்களைத் தெரிந்ததா?

22 ஜூன், ஞாயிறு

பக்கவாதம். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் என்னிடம் கேட்டார். "ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எல்லாம் சொன்னேன். ஹால் 2, பாஸ்வேர்டு, அம்மா. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அப்பா கத்துவார் என்று காத்திருந்தோம்.

"மாத்தலையா நீ" என்று அம்மாவைக் கேட்டார். அவ்வளவுதான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பெரியவர்கள் அழுது நான் பார்த்திராத விதமாக அழுதார்.

28 ஜூன், சனி

அக்கா வந்துவிட்டாள். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. கடை சாத்தியதும் அப்பா நேரே அங்கேதான் போகிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார். "அண்ணே, ஐந்தருவில தண்ணி கூடிருச்சாம். பாத்துக்கிடுங்க, குத்தாலத்துல நிக்க எடமில்ல. இந்தத் தடவ வெண்டைக்கா நல்லாவே இல்ல." இத்தனை பேச்சு அப்பாவிடம் இருந்ததா என்று அம்மாவே கேட்கிறாள். பெரியப்பாவுக்கு இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை.

இன்று கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் இடது கை மெல்ல எழும்பி அப்பாவின் சட்டையைப் பிடித்தது. அப்பா குனிந்து அதைப் பார்த்தார். பிறகு வெண்டைக்காயைப் பற்றி மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.