கூப்பிடாமல் விட்ட பெயர்கள்

1956 ஜூலை 9, திங்கள்

மழை. நேற்று மாலையிலிருந்து விடவில்லை. பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பாதிக்கும் குறைவு. வந்தவர்களும் கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு. வாய்ப்பாடு சொல்லவைத்து மதியமே அனுப்பிவிட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், ஜெபவீட்டு உபதேசியார் என்று இரண்டு வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே குடை, அதிலும் கம்பி முறிந்தது.

வாங்க: மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி, ரூபிக்கு இருமல் மருந்து, ஜெபவீட்டு மணிக்குக் கயிறு.

மாலை மறுபடியும் சுவிசேஷங்கள். பிதா, குமாரனாகிய இயேசு, பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற ‘திரித்துவம்’, அந்தச் சொல்லைத் தேடிக் கண் நோகிறது. வேதத்தில் எங்கும் இல்லை. கடைசி நாள் எப்போது என்று பிதாவுக்குத்தான் தெரியும், தமக்குத் தெரியாது என்கிறார் குமாரன். இருவரும் ஒருவரேயானால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? அப்போஸ்தலர் ஞானஸ்நானம் கொடுத்த இடங்களில் இயேசுவின் பெயர் மட்டும். ஆனால் மத்தேயுவின் முடிவில் மூன்று பெயரும் இருக்கின்றன. அதை என்ன செய்வது? தெரியவில்லை.

என் மனைவி ரூபியிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே, “மூணு பேரா இருந்தா என்ன, ஒரு பேரா இருந்தா என்ன? ஒங்களுக்கு வீடு குடுத்தது அந்த மூணு பேருதான். வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க” என்றாள்.

ஜூலை 10, செவ்வாய்

மழை.

பிற்பகல், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். மாரிமுத்துக் கங்காணி தலைத்துண்டு சொட்டச் சொட்ட ஓடிவந்தார். சைவக்காரர். ஆனாலும் எங்கள் சாவு, கலியாணம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர்.

“உபதேசியாரய்யா, ஞானம்மா புள்ள மூச்சு விட மாட்டேங்குது. மருந்து குடுக்குற டிஸ்பென்சரு ஹட்டன் டவுனுக்குப் போயிருக்காரு. தண்ணியாச்சும் ஊத்தி விடுங்க. கையோட வாங்க.”

மலையின் மேற்பக்கம் மேல்கணக்கு லயம், அந்த வரிசை வீடுகளில் கடைசி ஒற்றை அறைக் காம்பரா. ஞானம்மாவின் புருஷன் தைமாதம் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பிறந்த பெண் இது, ஒரு மாதக் குழந்தை. போதகர் ஐயா மலையேறி வராததால் ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது. குழந்தை மடியில் நீலமாக. ஞானம்மா அழவில்லை. “செத்தா இது அப்பாகிட்டயே பொதைக்கணும் அய்யா. தேயிலைக்குள்ள பொதைச்சிராதீங்க” என்றாள். ஞானஸ்நானம் பெறாததை எங்கள் கல்லறையில் வைக்க விடமாட்டார்கள்.

அலுமினியக் கோப்பையில் தண்ணீர். “எஸ்தரே, இயேசு கிறிஸ்துவின் நாமத்திலே உனக்கு...” ஊற்றினேன். அவ்வளவுதான். பிதாவும் இல்லை, பரிசுத்த ஆவியும் இல்லை. இத்தனை வருஷம் வாய் தானாகச் சொன்ன வசனம். மறக்கவில்லை. நம்பாத ஒன்றைச் சாகிற குழந்தையின் தலையில் சொல்ல மனம் வரவில்லை.

குழந்தை ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு இன்னொன்று. நிறம் திரும்பியது. காம்பராவில் இருந்த எல்லாரும் அழுதார்கள். குழந்தை மட்டும் அழவில்லை.

ஜூலை 11, புதன்

தூறல், பனிமூட்டம். பள்ளி வாசலில் நின்றால் எதிரே மரம் தெரியவில்லை.

லயமெல்லாம் இதே பேச்சு. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துக் கும்பிடுகிறார்கள். வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும். ஒரே பெயர் போதுமாக இருந்ததே என்று மனதுக்குள் ஒரு துள்ளல்.

மா. கங்காணி வழிமறித்தார்.

“அய்யா, ஒண்ணு கேக்கலாமா? எப்பவும் மூணு பேரு சொல்லுவீங்க. நேத்து ஒண்ணோட நிறுத்திட்டீங்களே.”

“ஒண்ணே போதும் கங்காணி.”

“போதுமோ என்னமோ. நாங்க திருவிழாவுக்கு மாரியாத்தா, முனியாண்டி, ரோதமுனின்னு ஒரு பேரு விடாமத்தான் கூப்புடுவோம். ஒரு பேர விட்டுட்டா அந்தச் சாமி கோவிச்சிக்கிட்டுத் திரும்பிப் போயிராதுங்க. வாசல்ல வந்து நிக்கும். உள்ள வாங்கன்னு சொல்ல ஆளில்லாம நின்னுக்கிட்டே இருக்கும்.”

சிரித்துவிட்டேன். மூன்றே அதிகம் என்கிற எனக்கு, ஊர்ப்பட்ட சாமி கும்பிடுகிறவர் புத்தி சொல்கிறார். அவர் சிரிக்கவில்லை.

கயிறு வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 13, வெள்ளி

மழை பலம். காற்று வேறு.

எஸ்தர் இன்னும் அழவில்லை. பாலும் சரியாகக் குடிப்பதில்லை. டிஸ்பென்சர் பார்த்தார். “நெஞ்சு சுத்தமா இருக்கு. காய்ச்சலும் இல்ல. ஆனா இப்பிடியே பால் எடுக்காம இருந்தா தாங்காது.” அவருக்கே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

குழந்தை வாசலையே பார்க்கிறது. அந்த வயதில் கண் எங்கும் நிலைக்காது. இது நிலைக்கிறது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். கையைத் தாண்டிப் பார்த்தது.

திரும்பும்போது காம்பராவுக்கு வெளியே இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் கால் வைத்தேன். சாரல் அடித்துத் தரை முழுக்க ஈரம். நிலைக்கால் ஓரம் மட்டும் ஒரு துண்டு காய்ந்திருந்தது, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு. கூரைத் தகரத்தில் ஏதோ மறைப்பு என்று அண்ணாந்து பார்த்தேன். தகரம் பொத்தல். அங்கேயும் சொட்டுகிறது, சொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, தரை நனையவில்லை. லயத்து நாய் சுற்றிக்கொண்டு போகிறது.

ஞானம்மா பின்னால் வந்து நின்றாள்.

“நிக்கிறாங்க அய்யா.”

“யாரு?”

“நீங்க விட்டவுங்க.”

“எத்தன பேரு?” ஏன் அப்படிக் கேட்டேன்?

“அதுதான் தெரியல. நேரா பாத்தா ஒருத்தரு. அடுப்புப் பக்கம் திரும்பிட்டா ரெண்டு பேரு.”

குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கும் போய் எடுக்கப்போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 14, சனி

மழை. போதகர் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்தவர், நல்ல படிப்பாளி, கோபத்திலும் குரல் உயராது. டிஸ்பென்சர் வழியாகச் செய்தி போயிருக்கிறது. ரூபி கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

“நீர் குடுத்தது ஞானஸ்நானமே இல்லை. நாளைக்கு ஞாயிறு நான் வந்து மூண்டு நாமத்திலயும் திரும்பக் குடுக்கிறன். நீர் சபைக்கு முன்னால மூண்டு பேரையும் நம்புறன் எண்டு விசுவாசப் பிரமாணம் சொல்லோணும்.”

என் சந்தேகங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில்,

“உமக்கு விளங்கேல்லை எண்டால் அது இல்லையெண்டு அர்த்தமே?” என்றார்.

“விளங்காததை எப்படி ஐயா சொல்லுவது?”

“நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறம்” என்றார். கொஞ்சம் களைத்துப் போனவராகத் தெரிந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

இஸ்தோப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ரூபியிடமும் சொல்லவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

மழை சற்று ஓய்ந்தது. கீழே மண் சரிந்து பாதை மூடிக்கிடக்கிறது. போதகர் ஐயா வர வழியில்லை. பாதை வெட்ட எத்தனை நாளாகுமோ.

ஆராதனையை நானே நடத்தினேன். பதினைந்து இருபது பேர். மூன்று பெயரும் சொல்ல வேண்டிய முடிவு ஆசீர்வாதத்தில் ‘கர்த்தர்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஆமென் சொன்னார்கள். வெளியே போகும்போது எல்லாரும் வாசலின் இடப்பக்கமாக ஒடுங்கிப் போனார்கள், பெரிய மனிதர் யாரோ நடுவில் நிற்பதைப் போல. பேசிக்கொண்டே, தெரியாமலேயே. ரூபியும் அப்படித்தான் முந்தானையை இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் கேட்டேன். “ஒடுங்கியா? நான் சும்மாத்தான் வந்தேன்” என்றாள்.

நானும் பக்கக் கதவால்தான் வந்தேன். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் கதவு.

குழந்தை இன்று ஒரு சங்குப் பால்கூடக் குடிக்கவில்லையாம்.

ஜூலை 16, திங்கள்

பனிமூட்டம். மழை இல்லை. பள்ளி நடுவில் ஞானம்மா வந்துவிட்டாள், தலையில் கம்பளிகூட இல்லாமல்.

“கண்ணு சொருகுது அய்யா. வந்து கூப்புட்டு விடுங்க.”

“பாதை திறந்ததும் போதகர் ஐயா வருவாரும்மா.”

“அவரு விடல. நீங்கதான் விட்டீங்க. விட்டவுங்கதான் கூப்புடணும்.”

“எனக்கு நம்பிக்கை இல்லாமல் கூப்பிட்டால் அது பொய்யாகிவிடும்.”

என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “ஒங்க நம்பிக்கைய நான் கேட்டனா? பேரச் சொல்லுங்கன்னுதான கேக்குறேன். எம்புள்ள போவுது.”

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். போகிற வழியெல்லாம் எனக்குள் வழக்கு. சொன்னால் நான் படித்ததெல்லாம் என்ன ஆவது? சொல்லாமல் அந்தப் பிள்ளை போனால் என் படிப்பை என்ன செய்வது? லயத்துக்கு ஏறும் படிகளில் முடிவு செய்தேன். பொய் சொல்வேன். தாய்க்காக, ஒரு தடவை. கடவுள் ஒருவராக இருந்தால் அந்த ஒருவர் மன்னிக்கட்டும்.

காம்பரா வாசற்படியில் நின்றேன். ஞானம்மா உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மா. கங்காணி முற்றத்தில். பனி இஸ்தோப்பு வரை வந்திருந்தது. கோப்பைத் தண்ணீரில் விரலை நனைத்து எட்டிக் குழந்தையின் நெற்றியில் வைத்தேன். சில்லென்றிருந்தது, தண்ணீரைவிட.

“பிதாவின் நாமத்திலே” என்றேன். குரல் எனக்கே அந்நியம். “பரிசுத்த ஆவியின் நாமத்திலே.”

பக்கத்துக் காம்பராவில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள், அது நின்றது.

ஞானம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, என் தோளுக்கு மேலே பார்த்து, விருந்தாளியிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

“ரொம்ப நேரமா நிக்க வச்சிட்டோம். உள்ள வாங்க.”

முற்றத்தில் கங்காணி தலைத்துண்டை அவிழ்த்தார்.

குழந்தை அழுதது. சாதாரண அழுகை. பசித்த அழுகை. ஞானம்மா திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பெண்கள் ஓடிவந்தார்கள்.

எஸ்தர் பிழைத்துக்கொள்வாள். போதகர் ஐயா வந்தால் வேலை இருக்குமோ இருக்காதோ, அதைப் பற்றி இப்போது ஒன்றும் தோன்றவில்லை. அந்த இரண்டு பெயரையும் நான் நம்பிச் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். ஆனால் ஞானம்மா உள்ளே வாங்க என்றபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் நகரச் சொல்லவில்லை. நான் நிலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு வழி விட்டேன்.