எந்தச் சாமிக்கு நேர்ந்த கடா, அம்மா?

என் ஆசை அம்மாவுக்கு,

முதலில் உன் கடாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுகமாக இருக்கிறது. நீ வைத்த முருங்கையை மொட்டையடித்துவிட்டு, இப்போது கொடியில் காயும் அண்ணியின் புடவைமேல் கண் வைத்திருக்கிறது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, குட்டியாக இருந்த அதன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி நேர்ந்துவிட்டாய். எந்தச் சாமிக்கு என்று அண்ணன் கேட்டதற்கு, "பொண்ணு வூடு திரும்பட்டும், சொல்றேன்" என்றாயாம். நான் வீடு திரும்பிய நான்காம் நாள், நடவுக்குப் போன நீ மார்வலியில் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாய். ஏன் அம்மா சொல்லாமலே போனாய்?

கருமாதிக்கு வந்த சொந்தங்கள் என் காதுபடவே பேசினார்கள். உயிருக்கு உயிர் என்று நீ வேண்டியிருப்பாயாம். சாமி கடாவை விட்டுவிட்டு உன்னை எடுத்துக்கொண்டதாம். ஒரு வருடம் அந்தப் பேச்சோடுதான் சோறு தின்றேன்.

யாரிடம் வேண்டினாய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாய். புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்காகக் கவிச்சி தொடமாட்டாய். குலசாமி முனியப்பனுக்குச் சுருட்டு வைக்க மறந்ததே இல்லை. இத்தனை சாமி எதற்கு என்று என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் கேட்டாள். நீ சொல்வதையே சொன்னேன். பெருமாள் மாரியம்மனுக்கு அண்ணன், முனியப்பன் காவல், எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்தில் ஒருவரிடம் சொன்னால் மற்றவர்களுக்குத் தெரியாமலா போகும்?

வருடத் திதி கொடுத்து முடிந்ததும் அண்ணன் கடாவை முனியப்பன் கோயிலுக்கு ஓட்டினான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக் குலசாமிதான், நீ எதற்கு வருகிறாய் என்று என்னிடம் கேட்டான். எனக்காக நேர்ந்த கடா, நான் வராமலா என்று முன்னால் நடந்தேன்.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு, அதுவரை கத்தியைத் தொடக்கூடாது. மூன்று முறை தெளித்தும் அது சிலுப்பவில்லை. கழுத்தில் போட்ட மாலையைச் சாவகாசமாக மென்றுகொண்டு நின்றது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. காதுக்குள் தண்ணீர் ஊற்றினால் தானாகச் சிலுப்பும் என்றான். ஊரில் நடக்காததில்லை. நான் செம்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

வேறு சாமியாக இருக்கும் என்று அடுத்த செவ்வாய்க்கிழமை மாரியம்மன் வாசலில் நிறுத்தினோம். அங்கேயும் இதே கதைதான். பெருமாளோ ரத்தம் கேட்காதவர்.

திரும்பும் வழியில் அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டான். "இன்னா செல்வி, அம்மா வேண்டிக்கினத யாருமே வாங்கல?"

ஒரு வருடமாக எனக்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"கடாவையே வாணான்னுட்ட சாமி, அம்மாவையா கேட்டிருக்கும்?"

அண்ணன் அழுதான். உன்னை எடுத்த அன்றுகூட அழாதவன், நடுரோட்டில் கடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை அம்மா. பசித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கடாவுக்குப் புது மஞ்சள் துணி கட்டியிருக்கிறேன். அதற்கு ஆயுசு உள்ளவரை தழை போடுவது என் பொறுப்பு. உன் உயிரை வாங்கிக்கொண்டு நான் பிழைத்ததாக இனி யார் சொன்னாலும், கூட்டிவந்து அதைக் காட்டுவேன்.

நீ வேண்டியதால் பிழைத்த உன் மகள்,
செல்வி