ஒட்டாத திருத்தம்

மார்ச் 3, செவ்வாய்
வெளியார் எழுதிய ஒலி நிரலைப் புதிய பதிப்புக்கு உயர்த்தினேன். எங்கள் படுக்கையோரக் கருவியில், நோயாளியின் நாடி தவறினால் மணியை ஒலிக்கவைக்கும் நிரல் அது. அந்த வெளியாரின் மூல நிரல்மேல் நாங்கள் சொந்தமாக ஒட்டிவந்த திருத்தங்கள் பன்னிரண்டு. பதினொன்று புதிய பதிப்பிலும் ஒட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அதை அவர்களே மூலத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நீக்கிவிட்டேன். மென்பொருள் தடங்கலில்லாமல் உருவானது. “அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா சார்!” என்றார் மேலாளரம்மா. வெள்ளியன்று ஏழு மருத்துவமனைகளுக்குப் போகிறது.

மார்ச் 4
சேர்த்திருப்பார்கள். சரி — பார்த்தேனா?

மார்ச் 5, வியாழன்
பார்த்தேன். சேர்க்கவில்லை. எங்கள் திருத்தம் ஒட்டவேண்டிய வரிகளை வேறொரு கோப்புக்கு நகர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய பிழை அப்படியே இருக்கிறது: செவிலியர் மணியை ஒருமுறை நிறுத்திவிட்டால், அடுத்த முறை அது ஒலிக்காது.

சோதனைப் பிரிவுக்காரரை ‘பூதக்கண்ணாடி’ என்போம். அவரிடம் மெல்லக் கேட்டேன், மணி அடித்ததா என்று. “அடிச்சுதே. ஏன் சார், காது கேக்கலையா?” சிரித்தார். நானும் சிரித்தேன். வெட்கக்கேடு. ரெண்டாவது தடவை அடிச்சுதான்னு கேக்க வாய் வரல. மாசக் கடைசியில ஒப்பந்தம் முடியுது. அறுபத்தெட்டு வயசுல வேற எவன் கூப்பிடுவான்?

மனைவியிடம் சொன்னேன். “வேலை போனா வீட்ல இருங்க. சொல்லாம மட்டும் இருந்துட்டு என் மூஞ்சியில முழிக்காதீங்க.”

மார்ச் 6, வெள்ளி
சொல்ல வேண்டியதை வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. “அனுப்பாதீங்க” — அவ்வளவுதான் வந்தது. பிறகு கருவியிலேயே, சோதனைக்கான போலி நாடியை நிறுத்திக் காட்டினேன். மணி அடித்தது. நிறுத்தினேன். போலி நாடியை ஓடவிட்டு மறுபடி நிறுத்திக் காட்டினேன். திரையில் நேர்கோடு, சத்தமே இல்லை.

மேலாளரம்மா மருத்துவமனைகளுக்கு ஃபோன் செய்யப் போனார். “என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டீங்களே சார்” என்றார் பூதக்கண்ணாடி. கோபமா, கேலியா? தெரியவில்லை.

மார்ச் 10
திருத்தத்தைப் புதிய இடத்தில் பொருத்தினேன். மணியை அறுபது தடவை நிறுத்திப் பார்த்தேன். அறுபது தடவையும் திரும்ப அடித்தது. ஒரு வாரத் தாமதம், என்னால்.

மார்ச் 31
ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மேலாளரம்மா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அதற்கு நன்றி.

ஏப்ரல் 20, திங்கள்
பூதக்கண்ணாடி ஃபோன் செய்தார். எந்தத் திருத்தத்தை நீக்கினாலும் இனி இரண்டு பேர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். “ஒரு கையெழுத்து என்னுது. இன்னொண்ணுக்கு உங்களையே கேட்டுப் பாருன்னு மேலாளரம்மா சொல்றாங்க. வாரத்துல ரெண்டு நாள் வந்தா போதும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஃபோனை வைக்கப்போனவரைத்தான் நிறுத்திக் கேட்டேன் — இப்போது ஒட்டாமல் நிற்பது எந்தத் திருத்தம் என்று.