இடது என்று நான் சொல்லவில்லை

மார்ச் 3, 1974. ஞாயிறு

காலையிலேயே வெயில். காற்றே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலாம் நாள். கார் விபத்தில் முறிந்த வலது கால், தொடையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. இன்னும் ஆறேழு வாரம்.

கைக்கு எட்டுபவை: சொம்பு, விசிறி, ரேடியோ, இந்த நோட்டு. எட்டாதவை: ஜன்னல் கொக்கி, மற்ற எல்லாம்.

கட்டுக்குள் அரிப்பு. அம்மாவின் பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொரிந்தேன். "சொரியாதேடா, புண்ணாயிடும்" என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

அப்பா கோயில் மடைப்பள்ளியிலிருந்து வந்ததும் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "கால் நேரானா கைங்கர்யத்துக்கு வந்துடு. காரும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்." எழுந்து போக முடியாது. படுத்திருப்பவன் எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மார்ச் 6, புதன்

கம்பெனி டிரைவர் மாசிலாமணி வந்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து மூன்று பஸ் மாறி. விபத்தில் போட்ட நெற்றித் தையல் ஆறிவிட்டது. அவன் ஊர் பழவேற்காட்டிலிருந்து இறால் கொண்டுவந்து, எங்கள் தெருமுனையில் நினைவு வந்து, டீக்கடைக்காரனிடம் கொடுத்துவிட்டானாம். "மறந்தே போச்சு ஐரே, நீங்கல்லாம் துன்ன மாட்டீங்களே." ஐயர் இல்லை, ஐயங்கார் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. அவனுக்கு எல்லாரும் ஐரே.

கம்பெனி இப்போது அவனை லாரியில் போட்டிருக்கிறது. ராலிப் பந்தயக் காரின் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள்.

அம்மா உள்ளே போனதும் கட்டிலில் நெருங்கி உட்கார்ந்தான். "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. எனுக்குக் காது போயிடுச்சு போல கீது."

"என்ன உளறல்?"

"நீ லெப்ட்னு சொன்னே. எனுக்கு நேர்னுதான் கேட்டுச்சு. சத்தியமா அப்டிதான் கேட்டுச்சுப்பா."

நான் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டேன்.

தம்பியைப் படகில் ஏரிக்குள் அனுப்பி, தூரத்திலிருந்து கூவச் சொல்லிப் பார்த்தானாம். கேட்டதாம். "ஆனா அது தண்ணி எத்துகினு வர்ற சத்தம். வண்டில வேற மேரி." தினமும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டுக்கொள்கிறான். அருகில் வந்தபோதே வாசனை. "செவிட்டு டிரைவருக்கு எவன் வண்டி குடுப்பான், சொல்லு?"

சரியாகிவிடும் என்றேன். அதைத்தான் சொன்னேன்.

மார்ச் 7, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

இந்த வருஷம் ராலிப் பந்தயம் மூன்று சுற்று. இலங்கை, நம் ஊர், மலேசியா. மூன்றையும் சேர்த்துத்தான் பட்டம். இலங்கையில் நான்காவது வந்தோம். நம் சுற்றில், ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலைச்சாலை. விடிந்து கொஞ்ச நேரம். மாசிலாமணி ஓட்ட, நான் பக்கத்தில் வழிக்குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு வாசிக்க. அவன் சாலையைப் பார்ப்பதைவிட என் குரலைத்தான் நம்புவான். மண் பறக்கும் இடத்தில் வேறு வழியும் கிடையாது.

விரலில் வியர்வை. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டுவிட்டது. விட்டுப்போன தாளில்: மதகு, உடனே இடது. நான் வாசித்த தாளில்: நேர், இரண்டு ஃபர்லாங்.

"நேர்" என்றேன். உரக்க, தெளிவாக. அவன் மிதித்தான். மதகுச் சுவர் வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒர்க்ஸ் மேனேஜர் டைப் அடித்த தாளோடு வந்தார். 'நேவிகேட்டர் இடது என்று சரியாகச் சொன்னார். ஓட்டுநர் பின்பற்றவில்லை.' அவரே ஊகித்து எழுதியது. படித்தேன். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மா. வந்து, "லெப்ட்னா சொன்னே?" என்று கேட்டபோது "ஆமாம்" என்றேன்.

ஏன் என்று எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் என் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை போகாது. போவது அந்த ஸீட். இந்த ஊர், மடைப்பள்ளி, அப்பா எல்லாவற்றையும் விட்டு வெளியே போக எனக்கிருந்த ஒரே கதவு அந்தக் காரின் இடது கதவு.

மார்ச் 12, செவ்வாய்

புழுக்கம். இரண்டு காக்கை ஜன்னலில் சண்டை.

மேனேஜர் காரில் வந்தார். அம்மா பதறிப்போய் டபரா இல்லாமல் டம்ளரை மட்டும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல செய்தி என்றார். மலேசியாவுக்கு ஏப்ரல் கடைசியில் புறப்பாடு. மெட்ராஸ் கார் கிளப்பிலிருந்து புது டிரைவர். "கட்டு ஏப்ரல் நடுவுல பிரிச்சுடுவாங்க இல்லையா? நீங்கதான் நேவிகேட்டர். பாஸ்போர்ட் ரெடியா இருக்கு."

"சார், அந்த ரிப்போர்ட்டில்..."

"அது கமிட்டிக்குப் போயாச்சு. மறுபடி அதைத் தொடாதீங்க வரதன். கம்பெனிக்கு அசிங்கம்."

அவர் போனபின் கட்டைத் தட்டிப் பார்த்தேன். சுவரைத் தட்டுகிற சத்தம். உள்ளே இருப்பது என் கால்தானா?

மலேசியா. ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை.

மார்ச் 23, சனி. அமாவாசை

விடியற்காலையிலிருந்து தெருவில் கூட்டம். வெளியூர் ஜனம், ஈர வேட்டி, குழந்தைகள் அழுகை. "கோயில் குளத்துல வேண்டிண்டு வெல்லத்தைக் கரைச்சுட்டு வந்துட்டேன்டா, இனிமே கால் பத்திக் கவலையில்லை" என்றாள் அம்மா.

கூட்டத்தில் இடிபட்டு மா. வந்தான். சட்டை பட்டன் ஒன்று போயிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டினானாம்.

"டாக்டரு காதுல ஒண்ணுமே இல்லேன்றாரு."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? காது நல்லா இருந்தா அப்போ மூளைலதான் கோளாறு. நீ ஒண்ணு சொல்றே, எனுக்கு வேறதா கேக்குது. நாளைக்கு லாரில யாரையாவது ஏத்திட்டன்னா? வேலைய வுட்டுடலாம்னு கீறேன். படகுக்கே போயிடறேன். என் பொஞ்சாதி அழுதுக்கினு கீறா."

அழுத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாசிலா, நான் நேர்னுதான் சொன்னேன்."

"இன்னாது?"

"ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சு. நேர்னு சொன்னேன். உனக்குச் சரியாத்தான் கேட்டுது."

காதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு: "அப்போ என் காது நல்லாத்தான் கீதா?"

"ம்."

சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ஒரு மாசமா பூண்டு எண்ணெ வுட்டுக்கினு கீறேன்யா!" அம்மா எட்டிப் பார்த்து அவளும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது.

"கம்பெனி பேப்பர்ல கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"படிச்சிட்டா?"

"படிச்சுட்டுத்தான்."

எழுந்து போய்விட்டான். அம்மா பின்னாலேயே ஓடினாள், "சாப்பிட்டுப் போங்கோ" என்று. திரும்பிப் பார்க்கவில்லையாம்.

மார்ச் 27, புதன்

காலை ஒன்பது மணி. வாசலில் கம்பெனி ஜீப். மா. உள்ளே வந்தான். என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம்: "ஆபீஸ்ல இட்டாரச் சொன்னாங்கம்மா. சாயங்காலம் கொண்டாந்து வுட்டுடறேன்." யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் மறுக்கவில்லை.

என்னைத் தூக்கிப் பின்ஸீட்டில் நீட்டிப் படுக்கவைத்தான். பள்ளம் வரும்போதெல்லாம் வேகம் குறைத்தான். கோபத்திலும் அப்படித்தான் ஓட்டுகிறான். பெரியபாளையத்தில் நிறுத்தி, வேப்பமர நிழலில் நின்று அவன் மட்டும் டீ குடித்தான்.

கும்மிடிப்பூண்டி. மேனேஜர் அறைவரை தூக்கிக்கொண்டு போனான். நாற்காலியில் வைத்தான். "சார், இவுரு ஒண்ணு சொல்லணுமாம்." கதவருகே நின்றுகொண்டான்.

சொன்னேன். தாள் ஒட்டியது, நேர் என்றது, தெரிந்தே கையெழுத்துப் போட்டது. டைப்பிஸ்ட் பெண் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

மேனேஜர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "மலேசியாவைப் பத்தி யோசிச்சீங்களா வரதன்?"

"யோசிச்சேன் சார்."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். இந்தமுறை என் கையெழுத்தில், என் வார்த்தையில்.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். கட்டிலில் படுக்கவைத்து, தலையணையைக் காலுக்கடியில் சரியாக வைத்தான். வாசல் தாண்டியபின் ஜீப் கிளம்பக் கொஞ்ச நேரமாயிற்று.

ஏப்ரல் 17, புதன்

கட்டு பிரித்தார்கள். உள்ளே வேறு யாருடையதோ போல ஒரு கால். சூம்பி, வெள்ளையாக, தோல் செதில் செதிலாக.

கம்பெனிக் கடிதம். ராலிக் குழுவிலிருந்து நீக்கம். ஸ்டோர்ஸ் வேலைக்கு மே மாதம் வரலாம். மாசிலாமணிக்குக் கார் திரும்பக் கிடைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார கிளப் ஆள். இதை ஸ்டோர்ஸில் என்னோடு வேலை செய்யும் நடேசன் தனியாக எழுதியிருந்தான்.

அப்பா கம்பெனிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடைப்பள்ளிப் பேச்சை எடுப்பார் என்று நினைத்தேன். மடித்துக் கொடுத்துவிட்டு, "முட்டியை மடக்கிப் பாரு" என்றார்.

ஏப்ரல் 25, வியாழன்

இன்று அவர்கள் புறப்படும் நாள். போகுமுன் வருவான் என்று காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்தேன். பால்காரன். தபால்காரன். மண்ணெண்ணெய் வண்டி.

வரவில்லை.

மே 5, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். தடி ஊன்றி வாசகசாலைவரை நடந்தேன். பேப்பரில் கடைசிப் பக்கம், நாலு வரி. மலேசியச் சுற்றில் இந்தியக் கார் ஐந்தாவது இடம். பட்டம் இல்லை. ஓட்டியவர் மாசிலாமணி. நேவிகேட்டர் பெயரைப் போடவில்லை. என் காலத்திலும் போட்டதில்லை.

பேப்பரை இரவல் வாங்கிவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உன் பேர் இருக்காடா?"

"இல்லைம்மா."

"பின்னே ஏண்டா சிரிக்கறே?"

சிரித்தேனா? தெரியவில்லை. முகம் கழுவி வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனேன். வாளியை உள்ளே விட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இழுக்காமலேயே வெகுநேரம் அழுதேன்.