கடைசி வாங்கில் மச்சாள்

மச்சாள்,

நேற்று மோர்னிங்சைட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது திடீரென்று உங்கள் நினைவு வந்தது. நிறுத்தத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. தேனும் காய்ந்த வைக்கோலும் கலந்தாற்போல ஒரு வாசனை. இத்தனை வருடமாக அந்த வழியால் வேலைக்குப் போகிறேன், அவை என்ன மரம் என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கனடாவுக்கு வரமுன் பிரான்சில் நாங்கள் இருந்த ஊரில், பள்ளிக்கூட முற்றத்தில் நின்றதும் இதே மரந்தான். பக்கத்து வீட்டு ஓதெத் அம்மா ஏணியில் ஏறிப் பூவை உதிர்க்க, நீங்கள் கீழே நின்று சேலைத் தலைப்பில் ஏந்துவீர்கள். அதைக் காயவைத்து, குளிர்காலம் முழுக்க அவித்துக் குடிக்கத் தருவீர்கள். எனக்கு அது பிடிப்பதேயில்லை. நேற்று வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்த மரத்தடியிலேயே நின்றேன்.

நீங்கள் போனபின் வரும் முதல் கோடை இது.

உங்கள் தம்பியைக் கட்டி லண்டனுக்கு வந்த நாளிலிருந்து உங்களை மச்சாள் என்றுதான் கூப்பிட்டேன். எனக்கும் உங்களுக்கும் பதினைந்து வயது இடைவெளி. தாய் என்று சொல்லவும் முடியாது, சிநேகிதி என்று சொல்லவும் முடியாது. உங்கள் கணவர் காலமாகி, ஈஸ்ட்ஹாம் வீட்டில் நீங்கள் திரைச்சீலைகூட விலக்காமல் இருந்த காலத்தில்தான் இவருக்கு அந்தப் பிரான்சு வேலை கிடைத்தது. ஓய்வெடுத்த ஆங்கிலேயர்கள் அந்தப் பக்கத்தில் பழைய கல்வீடுகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளின் கொதிகலன்களையும் நீச்சல் குளங்களையும் பார்த்துக்கொள்ள, இங்கிலீஷ் கதைக்கிற ஒரு பிளம்பர் தேவைப்பட்டார். பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் அப்போது போதும். "ரெண்டு கிழமை நிண்டிட்டு வாறன்" என்று ஒரு சூட்கேசோடு எங்களுடன் காரில் ஏறினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கவே இல்லை.

பெயர் சொன்னால் பிரெஞ்சுக்காரருக்கே தெரியாத ஊர் அது. ஒரு தேவாலயம், ஒரே வகுப்பறை கொண்ட பள்ளிக்கூடம், மத்தியானம் முழுக்க யன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு தூங்கும் வீடுகள். கடை இல்லை. ரொட்டிக்கடைப் பாண் விற்கும் வான் சந்தியில் நின்று ஹோர்ன் அடிக்கும். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகி, இவருடைய றப்பர் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு சேற்றுக்குள்ளால் ஓடுவீர்கள். பாண்காரர் தொப்பியைக் கழற்றி, "போன்ஜூர், மதாம் லாங்கிலேஸ்!" என்பார். வணக்கம், இங்கிலீஷ்கார அம்மா!

அந்த ஊருக்கு நாங்கள் இங்கிலீஷ்காரர். இங்கிலாந்திலிருந்து வந்தால் வேறென்ன? "லண்டனிலை எங்களைப் பாகிஸ்தான்காரரெண்டு நினைச்சுப் பாக்கி எண்டாங்கள். இஞ்சை வந்து வெள்ளைக்காரராப் போனம்" என்று இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் சனிக்கிழமைகளில் உண்மையான இங்கிலீஷ்காரர் கோப்பிக்குக் கூடும் இடத்துக்குப் போனால், "நீங்கள் முதலில் எந்த நாடு?" என்று கேட்பார்கள். அங்கே நாங்கள் சிலோன்காரர். "எங்கை போனாலும் மற்றப் பக்கத்து ஆக்கள்தான் நாங்கள்" என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னீர்கள்.

முதற் கோடையில் ஊர் விருந்து வந்தது. இங்கிலீஷ்காரர் தங்கள் நாட்டுச் சாப்பாடு ஒன்று கொண்டுவர வேண்டும் என்று மேயர் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் ஏதோ புடிங் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்க, நீங்கள் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலிலிருந்து வந்த தூளைப் போட்டு ஆட்டிறைச்சிக் கறியும் ஒரு குத்துச்சட்டி நிறையப் புட்டும் செய்து முடித்துவிட்டீர்கள். மேயர் வியர்க்க வியர்க்க இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இது இங்கிலீஷ் சாப்பாடா?" என்று கேட்டார். நீங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஆம் என்று தலையாட்டி, "உய்" என்றீர்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பெல்லாம் புரட்டாதியோடு நின்றுபோனது. ஆரணிக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் வாயை மூடியவள், திறக்கவேயில்லை. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, அங்கே ஒரு சொல் பேசுவதில்லை. மூத்திரம் வந்தால்கூடக் கேட்கமாட்டாள், ஈரச் சட்டையோடு வருவாள். மாசி மாதம் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். இளம் பெண், நல்லவர். பிள்ளை இப்படியே இருந்தால் நகரத்தில் விசேட பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்று மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

அன்று வீட்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் அழுதுகொண்டு, "லண்டனுக்குத் திரும்பிப் போவம்" என்றேன். "அங்கை வேலையை விட்டிட்டு வந்தாச்சு. போய் என்னத்தைச் செய்யிறது?" என்று இவர் கத்தினார். ஆரணி மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டாள். நீங்கள் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி கேட்டீர்கள்:

"அந்த ரீச்சர் நாளைக்கு என்னையும் வகுப்பிலை இருக்க விடுவாவோ?"

"நீங்கள் இருந்து என்னக்கா செய்யப் போறியள்?"

"படிக்கப் போறன். எனக்கும்தானே பாஷை தெரியேல்லை."

மேசைக்குக் கீழிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

ஆசிரியை மேயரைக் கேட்டார். கறிச் சாப்பாட்டை மேயர் மறந்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை நீங்கள் குளிருக்குச் சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆரணியின் கையைப் பிடித்தபடி போனீர்கள். கடைசி வாங்கில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த அந்தக் குட்டிப் பலகை இருக்கையில், முழங்கால் நாடியில் முட்ட இருந்தீர்களாம். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை செய்த மனுசி. பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆசிரியை கேட்டால் கையை உயர்த்துவீர்கள், எழுந்து நின்று பிழையாகச் சொல்வீர்கள், "மெர்சி" என்று சொல்லிவிட்டு இருப்பீர்கள். மத்தியானம் அவர்களோடு சாப்பிட்டு, மரத்தடியில் அவர்களோடு கயிறு அடித்தீர்கள். ஆரணி ஒன்றும் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மூன்றாவது கிழமை மிருகங்களின் பெயர் பாடம். ஆசிரியை அணிலின் படத்தைக் காட்டினார். பிரெஞ்சில் அணிலுக்கு ஒரு பொல்லாத சொல், "எக்யுரொய்". அதை உச்சரிக்க இங்கிலீஷ்காரர் திணறுவார்கள். நீங்கள் எழுந்து நின்று உரத்த குரலில் "எக்குறாய்" என்றீர்கள். ஆசிரியை திருத்தினார். மறுபடியும் "எக்குறாய்". வகுப்பே சிரித்தது. மூன்றாம் முறை நீங்கள் வாயைத் திறக்கமுன்,

"நோன், மாமி! எக்யுரொய்!"

பக்கத்தில் இருந்த ஆரணி எழுந்து நின்று கத்தினாளாம். முகம் சிவந்து, கை இரண்டையும் பொத்திக்கொண்டு. தன் மாமியைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததை அவளால் தாங்க முடியவில்லை. ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்ப நேரம் எடுத்தது என்று பின்பு என்னிடம் சொன்னார். நீங்கள் ஆரணியைப் பார்த்துத் தலையை ஆட்டி, "மெர்சி, மெத்ரெஸ்" என்றீர்கள். நன்றி, ரீச்சர்.

அன்றிலிருந்து வீட்டில் அவள்தான் உங்கள் ரீச்சர். சாப்பாட்டு மேசையில் உங்களுக்குப் பாடம் நடக்கும். மற்றச் சொற்களெல்லாம் வந்தன. ஓதெத்தோடு மதிலுக்கு மேலால் மணிக்கணக்கில் ஊர்ப் புதினம் கதைத்தீர்கள். சந்தையில் பேரம் பேசினீர்கள். அணில் மட்டும் வருடக்கணக்காக எக்குறாய்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டு திருத்துவாள்.

பிறகு காலம் மாறியது. பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலக, ஆங்கிலேயர் ஒவ்வொருவராக வீட்டை விற்றுக்கொண்டு போனார்கள். இவருக்கு வேலை குறைந்தது. கனடாவில் மல்வேர்னில் இருந்த உங்கள் மகன் எத்தனையோ தரம் கூப்பிட்டும், "ஆரணி படிச்சு முடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்ட நீங்கள் முதலில் இங்கே வந்தீர்கள். பின்னால் நாங்கள் வந்தோம். கிளம்பும் நாளில் ஓதெத் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டு, இங்கிலாந்துக்குக் கவனமாகப் போ என்று அழுதா. கனடா என்று நீங்கள் திருத்தவில்லை.

போன மாரிக் குளிரில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உங்களைப் பார்த்த தாதி கமரூன் நாட்டுப் பெண். அவள் பிரெஞ்சு கதைப்பாள் என்று தெரிந்ததும் உங்கள் முகம் மலர்ந்ததே! நானும் ஆரணியும் கட்டிலருகே நின்றோம். யன்னலுக்கு வெளியே மொட்டை மரத்தில் ஏதோ அசைந்தது. தாதி என்ன என்று கேட்டாள். நீங்கள் தலையைத் திருப்பாமலே, "எக்யுரொய்" என்றீர்கள். பாரிசில் பிறந்தவர்போல.

ஆரணி வாயில் கையை வைத்தாள். "மாமி! யூ செட் இட் ரைட்!"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

"அப்ப இவ்வளவு காலமும் வேணுமெண்டே பிழையாச் சொன்னனீங்கள், மச்சாள்?" என்று நான் கேட்டேன்.

"பாதி வேணுமெண்டு. மற்றப் பாதி உண்மையாவே வரேல்லை, பிள்ளை. எந்தப் பாதி எதெண்டு எனக்கே தெரியாது."

ஆரணி குனிந்து உங்கள் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் இப்போது ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிக்கிறாள். வாயே திறக்காத பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் அதைப் பற்றித்தான் வீட்டில் வந்து முதலில் கதைப்பாள்.

நானோ எதையும் சரியாகத் தெரிந்த பிறகே நாலு பேர் முன்னால் செய்கிறவள். கோடையில் எல்லாரும் வாவியில் இறங்க, கரையில் இருந்து பைகளுக்குக் காவல் காப்பவள் நான்தான். போன மாதம், ஐம்பதைத் தாண்டிய வயதில், நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித்தருகிறவள் ஆரணியை விட இளையவள். தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் குமிழி விடச் சொன்னாள். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் கலங்கி இருமினேன். தங்கள் முறைக்குக் கரையில் காத்திருந்த சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். முன்பென்றால் துவாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

நானும் சிரித்தேன், மச்சாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தலையை உள்ளே விட்டேன்.